மரவுரி மரமும் அக்காவின் கிடாவும்

ஒரு பெயரை லத்தீனில் வைத்துவிட்டால் அதில் பொய் இருக்காது என்று நான் நம்பியிருந்தேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானாகத் தலையைக் குனிந்துகொண்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

இத்தனைக்கும், பெயர்ப்பலகைகளை நம்பக் கூடாது என்று ஊருக்கே வகுப்பெடுக்கத் தகுதியுள்ளவன் நான். செஞ்சி பஜாரில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். வண்டி நம்பர், வீட்டு வாசல் பலகை, டாக்டர் பலகை, லாரியின் முதுகில் எழுதும் வாசகம், எல்லாம் நம் கைவேலை. 'அமைதி இல்லம்' என்று பலகை செய்துகொண்டு போனவர் வீட்டுச் சண்டையைக் கேட்பதற்காகவே எதிர்க் கடையில் இரண்டாவது டீ சொல்கிறவர்கள் உண்டு. 'அவசரம் வேண்டாம் நண்பா' என்று பின்னால் ஒட்டிக்கொண்ட ஆட்டோதான் விழுப்புரம் சாலையில் எல்லோரையும் முந்துகிறது. பெயர் வேறு, ஆள் வேறு என்பதில்தான் என் அடுப்பு எரிகிறது.

தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்துகளை மெஷின் வெட்டிக் கொடுத்த பிறகு, வேண்டாத துண்டுகளை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். 'ஒ'வின் வயிற்றுக்குள் இருப்பது, 'ழ'வின் வளைவில் ஒட்டிக்கொண்டிருப்பது என்று ஒவ்வொன்றாக. அந்த நேரத்தில் எழுத்தின் வளைவைத்தான் பார்க்க வேண்டும். அர்த்தத்தைப் பார்த்தால் கை தடுமாறும். கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு உட்கார்ந்து அழுதால் ஸ்டிக்கர் சுருங்கிவிடும். அதனால் நான் வெட்டுவதைப் படிப்பதில்லை. என்னிடம் கல்யாணப் பலகை செய்தவரை மறுநாள் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டிருக்கிறேன்.

போன பங்குனியில் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். மேற்கு மலைகளின் மழைக்காட்டு மரங்களைக் கல்லூரி வளாகத்தில் வளர்க்கிறாராம். பச்சை வலை கட்டி, குழாயில் தண்ணீர்ப் புகை விட்டு, செஞ்சி வெயிலை ஏமாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் பெயர்ப்பலகை வேண்டும். தமிழில் ஒன்று, தாவரவியல் பெயர் ஒன்று.

"சார், லத்தீன் பேரு மட்டும் சாஞ்சு இருக்கணும்" என்றார்.

"ஏன் சார், அதுக்கு இடுப்பு வலியா?"

"அது மரபு. முதல் வார்த்தையில முதல் எழுத்து பெருசு. ரெண்டாவது வார்த்தை பூரா சின்ன எழுத்து. மாறக் கூடாது."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பக்தி இருந்தது. எங்கள் கடையில் இவ்வளவு மரியாதையோடு யாரும் பெயர் கொடுத்ததில்லை. இனிஷியல் மாறிப்போனால்கூட, பரவால்ல ஒட்டுங்க என்று போகிறவர்கள் நம்மவர்கள். உலகத்தில் எங்கே போனாலும் அந்த மரத்துக்கு அதே பெயர்தான், ஜப்பானில் கேட்டாலும் பிரேசிலில் கேட்டாலும் இந்த இரண்டு வார்த்தைதான் என்று அவர் விளக்கினார். முதல் வார்த்தை வம்சம், இரண்டாவது வார்த்தை அந்த வம்சத்தில் இந்த ஆள். கேட்டபோது எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. பொய் சொல்லாத பெயர்ப்பலகை என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. அதைச் செய்யும் பாக்கியம் எனக்கு. சாய்ந்து நிற்கும் அந்த எழுத்துகளை ஊசியால் கிள்ளும்போது, மழையில் காற்றுக்குச் சாய்ந்து நடக்கிற மனிதர்கள் மாதிரி இருந்தன.

பலகைகளை மாட்டப் போன அன்று பேராசிரியர் சந்தோஷத்தில் எனக்கு ஒரு கன்று கொடுத்தார். கறுப்புப் பையில் முழங்கால் உயரம். பளபளப்பான பெரிய இலைகள். ஒன்றைக் கிள்ளினால் பால் வடிந்தது.

"இது மரவுரி மரம். காட்டுல வானத்தத் தொடும். இங்க எவ்ளோ வரும்னு பாக்கலாம். பால் கையில படாம பாத்துக்குங்க" என்றார். பலாவின் பால்கூட கையில் பட்டால் பிசுபிசுக்கும். அந்த வகையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் துணி துவைக்கும் கல்லை ஒட்டி ஒரு கோடு மண் இருக்கிறது. அங்கே நட்டேன். அங்கிருந்து பார்த்தால் கோட்டை மலைகள் தெரியும். மலை என்றால் மரம் மூடிய மலை என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ பாறைகளைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு அடுக்க மறந்துபோன மாதிரி இருக்கும். மதியத்தில் அந்தப் பாறைகள் நடுங்கும். வெயிலில் தரையை விட்டு ஒரு விரல் மேலே எழும்பி நிற்கும். அவற்றுக்கு முன்னால் அந்தச் சின்னக் கன்று, தன் பெரிய இலைகளோடு, மழை எப்போது வரும் என்று கேட்பதுபோல் நின்றது.

சாயங்காலங்களில் அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்வேன். பாதிக் கண்ணை மூடினால் போதும். கன்று மெல்ல நீளும். கூரையைத் தாண்டும், கேபிள் ஒயரைத் தாண்டும். அதன் நிழல் தெருவைக் கடந்து பஸ் ஸ்டாண்டு மேல் விழும். நிழல் விழுந்த இடமெல்லாம் ஈரமாகும். பாறைகளில் பாசி படரும். கோட்டை மதில்மேல் பெயர் தெரியாத பறவை ஒன்று உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்யும். அந்தக் காட்டில் நான் மட்டும் ஒரு ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் ஒட்டிக்கொண்டு போவேன்.

"இன்னா தம்பி, செடிக்கு ஈரத் துணி போத்துற. பச்சக் கொழந்தயா அது" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பாள்.

அக்கா எனக்கு ரத்த சொந்தம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு உப்பும் அவர்கள் வீட்டு உப்பும் எது எந்த வீட்டில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஒரே பையன். என்னை மாமா என்று கூப்பிடுவான். போன வருஷம் அனந்தபுரம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து இரண்டு கால்களும் உடைந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அவன் நடப்பானா என்று டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிய நாளில், பனமலை ஏரிக்கரையில் கூரையில்லாமல் உட்கார்ந்திருக்கும் அவர்கள் குலதெய்வமான எல்லையம்மனுக்கு அக்கா ஒரு கிடா நேர்ந்துவிட்டாள். பையன் எழுந்து நடந்தான். கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பான், ஆனால் நடந்தான். கிடாவும் வளர்ந்தது.

கறுப்புக் கிடா, ஒரு காது மட்டும் வெள்ளை. நேர்ந்துவிட்டது என்பதால் யாரும் அடிக்க மாட்டார்கள், கட்டவும் மாட்டார்கள். அது தெருவில் கவுன்சிலர் மாதிரி திரியும். என் கடையிலிருந்து கொண்டுவரும் ஸ்டிக்கர் தாளைக்கூட ருசி பார்க்கும். சாமிக்கு உரியது சாமியிடம் போகும்வரை அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. நோய் வந்தாலும் செத்தாலும், சாமி வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக அர்த்தம். அப்படி ஆனால் பையனின் கால்கள் என்ன ஆகுமோ என்று அக்கா ராத்திரி எழுந்து ஆட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பதாக என் மனைவி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படையல் என்று நாள் குறித்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை மதியம் பஜாரில் கரண்டு போனது. மெஷின் நின்றது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விசிறிக்கொண்டே போனை நோண்டினேன். மரம் எவ்வளவு உயரம் வளரும் என்று பார்க்கலாமே என்று அந்த லத்தீன் பெயரைத் தேடினேன். ஆன்டியாரிஸ் டாக்ஸிகேரியா. நானே வெட்டிய எழுத்துகள். முதல் தடவையாகப் படித்தேன்.

டாக்ஸிகேரியா என்றால் நஞ்சு என்று போட்டிருந்தது. சாதாரண நஞ்சு இல்லை, அம்பு நுனியில் தடவுகிற நஞ்சு. இதயத்தை நிறுத்துமாம். அதற்குக் கீழே இன்னொன்று. எங்கோ கடல் தாண்டிய தீவில் இந்த மரம் நிற்கிற இடத்தைச் சுற்றிப் புல் முளைக்காது, மேலே பறக்கிற பறவை செத்து விழும், காற்றின் திசை பார்த்துத்தான் பக்கத்தில் போக வேண்டும் என்று பழைய காலத்துப் பயணிகள் எழுதி வைத்தார்களாம்.

வெக்கையில் கண் செருகிவிட்டது. கனவில் மரம் வளர்ந்துவிட்டிருந்தது. செஞ்சி முழுக்கப் பச்சை இருட்டு. கண்டக்டர் பனிக்குள் நின்று விசில் ஊதுகிறார், பஸ் தெரியவில்லை. மலைக்கோட்டையிலிருந்து புறாக்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. வேகமாக இல்லை, இலை விழுகிற மாதிரி மெதுவாக, சுற்றிச் சுற்றி. கீழே வந்ததும் ஒவ்வொன்றும் சாய்ந்த எழுத்தாக மாறி என் மடியில் படிந்தது. எனக்குப் பயமே இல்லை. எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்தேன்.

விழித்த பிறகுதான் பயம் வந்தது. வட்டியோடு வந்தது. அன்று காலை, வாடித் தொங்கிய இலையைத் துடைக்கும்போது என் விரலில் பால் பட்டிருந்தது. விரலை மோந்து பார்த்தேன். பிறகு மோந்து பார்த்ததற்காகப் பயந்தேன். மார்பில் கை வைத்தால் அடித்துக்கொண்டது. அடிக்கிறதே என்று பயந்தேன், நடுவில் நின்ற மாதிரி இருந்ததும் அதைவிடப் பயந்தேன். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிக்காரரின் பையைப் பார்த்தே மயங்கி விழுந்தவன் நான். என்னிடம் போய் இந்த மரத்தைக் கொடுக்கலாமா.

பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கன்று நின்றது. ஒரு இலை இல்லை. குச்சி மட்டும். அதற்கு எதிரில் அக்காவின் கிடா நின்றது. வாய் ஓரத்தில் பச்சையாக ஏதோ தொங்க, நிதானமாக மென்றுகொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"இந்தச் செடி இலையெல்லாம் எங்கடி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும். ஆடு இங்கதான் சுத்திக்கினு இருந்துது" என்றாள் சமையலறையிலிருந்து.

அவ்வளவுதான். துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, படையலுக்குச் சாமான் வாங்க பஜாருக்குப் போயிருந்தாள். அவள் வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியது அவளைத்தான். ஆனால் கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பாள். ஏன் என்று சொன்னால், நீதானே அந்தச் செடியை வைத்தாய் என்பாள். அதற்குப் பிறகு அவள் ஆட்டைப் பார்ப்பாள், பையனின் கால்களைப் பார்ப்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. ஊர் முழுக்க வம்பு பேசுகிற வாய் அன்று பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா இளவயசு. ஒரு மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ஒரு ஆடு வெஷ இலையத் தின்னுட்டா என்னம்மா ஆவும்?"

"யார் ஆடு?"

"தெரிஞ்சவங்க ஆடு."

"இன்னா இலை?"

பெயரைச் சொன்னேன். வம்சம் ஒன்று, ஆள் ஒன்று, இரண்டையும் பிசகாமல் சொன்னேன்.

"கேள்விப்பட்டதில்லயே. ஆடு அசை போடுதா?"

"போடுது."

"வாயில நுரை?"

"இல்ல."

"புழுக்கை போட்டுச்சா?"

"என் செருப்பு மேலயே போட்டுச்சு."

"அப்ப ஆட்டுக்கு ஒண்ணும் இல்ல சார். அசை போடறத நிறுத்தினா கூட்டிட்டு வாங்க." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "நீங்கதான் ஒரு மாதிரி இருக்கீங்க. எதாவது சாப்டீங்களா?" என்றார். நானும் இலை தின்றுவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அன்று மாலையும் வெள்ளிக்கிழமை முழுவதும் நான் பார்த்த ஒரே வேலை, ஆடு அசை போடுவதைப் பார்த்தது. கடையைத் திறக்கவில்லை. நாற்காலியை ஆட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கீழ்த்தாடை இடப்பக்கம் போகும், சுற்றி வரும், நிற்கும். நின்றதும் என் மூச்சு நிற்கும். தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறும், தாடை மறுபடி சுற்றும். அதன் பின்னால் மலைகள் நீலமாகி, சாம்பலாகி, இல்லாமல் போயின. பார்த்துக்கொண்டே இருந்தால் உலகமே எதையோ மென்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை சாகப்போகிற ஆடு வெள்ளிக்கிழமை செத்துவிடக் கூடாதே என்று ஒருத்தன் உட்கார்ந்து வேண்டிக்கொள்வதில் இருக்கும் வேடிக்கை எனக்குப் புரியாமல் இல்லை. சிரிக்கத்தான் முடியவில்லை.

"ஏங்க, அந்த ஆட்ட கட்டிக்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அக்கா தன் வாசலிலிருந்து, "பாரேன், தம்பிக்கு சாமி மேல எவ்ளோ பக்தின்னு" என்றாள். அந்தப் பாராட்டு என்னை இன்னும் கொஞ்சம் சுருக்கியது.

சனிக்கிழமை காலை பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"சார், நீங்க குடுத்த செடி நஞ்சாமே."

"பால் நஞ்சுதான் சார். ரத்தத்துல கலந்தா ஆபத்து. அதான் கையில பட வேணாம்னேன். ஏன், வெட்டிக் கிட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல, பேரைப் படிச்சேன்."

அவர் சிரித்தார். பிறகு அந்தப் பெயரின் கதையைச் சொன்னார். முதல் வார்த்தை அந்தத் தீவுக்காரர்கள் மரத்துக்கும் அதன் நஞ்சுக்கும் வைத்திருந்த சொல்லாம், அதற்கு லத்தீன் சட்டை மாட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வார்த்தை, அந்தத் தீவில் மனிதர்கள் அந்தப் பாலை வைத்துச் செய்த காரியம். பறவை விழுகிறது, புல் முளைக்காது என்பதெல்லாம் கட்டுக்கதை. மரத்தடியில் புல்லும் முளைக்கும், கிளையில் பறவையும் உட்கார்ந்து பழம் தின்னும். நம் மேற்கு மலையில் அதே மரத்தின் பட்டையை உரித்து, தண்ணீரில் ஊறவைத்து, தட்டித்தட்டித் துணி செய்தார்கள், நெல் போடச் சாக்கு செய்தார்கள். வனவாசம் போகிறவர்கள் கட்டிக்கொள்வதாகக் கதைகளில் வருமே, மரவுரி, அந்தத் துணி.

"அப்ப இங்க மொதல்ல பாத்திருந்தா, துணி மரம்னு வச்சிருப்பாங்களா?"

"வச்சிருக்கலாம்."

"இப்ப மாத்தக் கூடாதா?"

"பொருத்தமா இல்லன்னு மாத்த முடியாது சார். முறையா முதல்ல வச்ச பேருக்குத்தான் உரிமை. வம்சம் தப்புன்னு தெரிஞ்சா முதல் வார்த்தைய மாத்துவாங்க. அப்பவும் ரெண்டாவது வார்த்தை கூடவே போவும்."

போனைக் காதில் வைத்தபடி நான் எங்கள் தெருவைப் பார்த்தேன். எங்கள் தெருவிலும் அதுதான் சட்டம். என்றைக்கோ ஒருநாள் ஒருத்தன் செய்த ஒரு காரியத்துக்கு ஒரு பட்டப்பெயர் விழும். அப்புறம் அவன் வீடு கட்டினாலும், பேரன் எடுத்தாலும், ஊரை விட்டே போனாலும் அந்தப் பெயர் கூடவே போகும். லத்தீன் என்பது சாய்ந்து நிற்கும் தெருப் பேச்சு என்று அன்று காலை எனக்குத் தோன்றியது. என் தொழிலின் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

"ஆடு தின்னா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் மரத்துக்கு வாத்தியார், ஆட்டுக்கு இல்ல. ஆனா இது பலா, அத்தி, ஆலமரம் எல்லாம் சேர்ந்த குடும்பம். எப்பத் தின்னுச்சு?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு சனி. நல்லாருக்குதுல்ல. விடுங்க."

பலாக் குடும்பம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. பலா இலைக்காக ஆடு உயிரையே விடும். ஆக, அக்காவின் அறிவாளிக் கிடா பெயரைப் படிக்கவில்லை. குடும்பத்தைப் பார்த்தது, சொந்தக்காரன் இலை என்று தின்றது. புத்தகம் இல்லாமல் தாவரவியல் படித்த ஆடு. இந்தக் கண்டுபிடிப்பை நான் மிகவும் ரசித்தேன். கடைக்குப் போய் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன், ஆடு யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறியதும் பயமும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தது. ஆடு மாலை போட்டுக்கொண்டு வந்தது. பனமலை ஏரியில் தண்ணீர் பாதிதான். மலைமேல் கோயில் தண்ணீருக்குள் தலைகீழாக நின்று, காற்று வந்தபோதெல்லாம் கலைந்து, மறுபடி கூடியது. எல்லையம்மன் கரையோரத்தில் மூன்று கல்லாக, மஞ்சள் பூசி, வேப்பிலைக்குள் இருந்தாள்.

பொங்கல் வைத்தார்கள். பம்பை அடித்தார்கள். பிறகு பூசாரி, மஞ்சள் தண்ணீரை எடுத்து ஆட்டின் முதுகில் தெளித்தார். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது. உதறாமல் ஆட்டை வெட்டக் கூடாது.

ஆடு நின்றது. ஏரியைப் பார்த்தது.

மறுபடி தெளித்தார். காதில் ஒரு சொட்டு விட்டார். காது மட்டும் ஆடியது. "அவசரப்படாதீங்க, அம்மா யோசிக்கிறா" என்றார் ஒரு பெரியவர். பம்பை மெதுவானது. இன்னொரு தடவை. ஆடு மரக்கட்டை மாதிரி நின்றது. சொந்தக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த பையன் எடையை நல்ல காலுக்கு மாற்றிக்கொண்டான். அக்கா அவன் கால்களையே பார்த்தாள். கூப்பியிருந்த அவள் கை நடுங்கியது. அவள் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அவள் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சு இப்போதுதான் ஏறுகிறது, ஆடு மரத்துப்போகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. டாக்டரம்மா, பேராசிரியர், பலாக் குடும்பம் எல்லாம் மண்டையிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடிப்போயின. அக்காவின் காதருகில் போனேன்.

"அக்கா, நான் வச்ச செடியோட இலைய ஆடு தின்னுடுச்சு. வெஷச் செடிக்கா அது. எனுக்குத் தெரியாது. சாமி மேல தப்பு இல்ல, பையன் மேல இல்ல. எம்மேலதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைய தண்ணீர்.

"செத்த சும்மா இரு தம்பி" என்றாள்.

பூசாரி கையிலிருந்த செம்பை வாங்கினாள். ஆட்டின் எதிரில் மண்டியிட்டு, "நீ குடுத்த காலு தாயே அது. நடக்குறான் பாரு" என்றாள். செம்பைக் கவிழ்த்து முழுத் தண்ணீரையும் அதன் முதுகில் ஊற்றினாள். ஆடு ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு வெள்ளைக் காதிலிருந்து வால்வரை ஒரு உதறல் உதறியது. என் சட்டை, பூசாரியின் திருநீறு, பம்பைக்காரரின் மீசை எல்லாம் நனைந்தன. பம்பை முழங்கியது. அக்கா எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே பையனின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மதியம் வேப்பமரங்களுக்குக் கீழே பந்தி. எல்லோர் இலையிலும் கறிக்குழம்பு. நான் மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டு, சாப்பிடுகிறவர்களின் முகத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் நெஞ்சைப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை சோறுதான் கேட்டார்கள். ஏரிக் காற்றில் புகை சாய்ந்து போனது. தூரத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று தூங்கியது. அக்கா கரண்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாப்பா, கறி வேணாவா?"

"வயிறு சரியில்லக்கா."

"வயிறா, பயமா?" குனிந்து என் இலையில் இரண்டு துண்டு போட்டாள். "எந்தச் செடிய தின்னுச்சுன்ன நீ? கல்லாண்ட வச்சியே, அதயா?"

தலையாட்டினேன்.

"அட கூறு கெட்டவனே. அத எங்க அது தின்னுச்சு. மோந்து பாத்துட்டு தும்மிட்டு வந்துடுச்சு" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அங்கே சோறு பரிமாறிக்கொண்டே மீதியைச் சத்தமாகச் சொன்னாள். பந்தியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சிரித்து முடிக்க நேரமாயிற்று. நான் கறியைத் தின்றேன். நன்றாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நிழலில் வளர்ந்த கன்று செஞ்சி வெயிலைத் தாங்காமல் புதன்கிழமையே வாடிப்போய், வியாழக்கிழமை வெயில் ஏறியதும் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டது. பஜாருக்குக் கிளம்பும் முன் அக்கா அவற்றைப் பெருக்கிக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டு, ஆட்டுக்கு ஒரு கட்டு அகத்தி போட்டுவிட்டுப் போனாள். நான் வந்து பார்த்தபோது ஆடு மென்றுகொண்டிருந்தது அந்த அகத்தியைத்தான்.